"நூற்றுக்கு அறுபது" என்றால், எந்த நூறு?

குழந்தைப்பேற்றுச் சிகிச்சைப் பதிவேடுகளோடு நெடுங்காலம் வேலை செய்தவள் நான். வன்னி உறவுகள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

ஒட்டுசுட்டான் தங்கச்சி: கொழும்பில ஒரு தனியார் நிலையம் நூற்றுக்கு அறுபது வெற்றி எண்டு சொல்லுது அக்கா. நம்பலாமோ?

முதலில் இரண்டு விசயம் கேளுங்கோ. எந்த நூறு பேர்? எதை வெற்றி என்கிறார்கள்?

விளங்குவதற்காக ஒரு கணக்குப் போடுவம். 100 பேர் முட்டை வளர ஊசி போடத் தொடங்குகிறார்கள். சிலருக்கு முட்டை வளராமல் இடையிலேயே நிறுத்துவார்கள், சிலருக்கு முட்டை எடுத்தும் கரு உருவாகாது. கருவைக் கருப்பையில் வைக்கும் நாளுக்கு வந்து சேர்வது 70 பேர். அதில் 42 பேருக்கு இரத்தப் பரிசோதனை கர்ப்பம் என்று காட்டுகிறது. 70இல் 42, இதோ உங்கட அறுபது வீதம். ஸ்கானில் இதயத்துடிப்பு தெரிந்தது 33 பேருக்கு. உயிருள்ள பிள்ளையோடு வீட்டுக்குப் போனது 26 பேர். தொடங்கிய நூறில் பார்த்தால் 26 வீதம்தான். இரண்டு எண்ணும் ஒரே பதிவிலிருந்து வருபவை, ஒன்றும் பொய்யில்லை. காசு கட்டுகிறவளுக்குத் தேவை இரண்டாவது.

பரந்தன் அண்ணை: லண்டனில எல்லாம் அரசாங்கப் பதிவாம், மகள் சொல்லுறா. அதில பிழை வராதோ?

பிரித்தானியாவில் 1991 ஆகஸ்ட் முதல், அனுமதி பெற்ற ஒவ்வொரு நிலையமும் இந்தச் சிகிச்சை நிலையங்களைக் கண்காணிக்கும் எச்.எஃப்.ஈ.ஏ. என்ற அதிகார சபைக்குச் சிகிச்சை விவரம் கொடுக்கவேண்டும், அது சட்டம். அமெரிக்காவில் 1992இல் சட்டம் வந்தது. ஆனால் விவரம் தராத நிலையத்துக்குத் தண்டனை இல்லை, 'தரவில்லை' என்று பெயர் மட்டும் வெளியாகும். எங்கென்றாலும் எண்ணை முதலில் எழுதுவது அந்த நிலையத்து ஊழியர்தான், அண்ணை. பார்க்க வரும் பரிசோதகர் எல்லாக் கோப்புகளையும் புரட்டுவதில்லை. இன்னொன்று, நாற்பது வயது தாண்டியவர்களைச் சேர்க்காத நிலையத்தின் வீதம் தானாகவே உயரும்.

முள்ளியவளை, குடும்பநல உத்தியோகத்தர்: எங்கட பதிவேட்டில கர்ப்பவதி ஒருத்தியும் தவறமாட்டா. பிள்ளை பிறந்தது அந்த நிலையத்துக்கு எப்பிடித் தெரியும்?

சரியான இடத்தில கை வைச்சிட்டீங்கள். பெரும்பாலும் ரெலிபோனில் கேட்டுத்தான். சிகிச்சை கொழும்பில், மாதாந்தக் கிளினிக் உங்களிடம், பிரசவம் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ. இடையில் சிம் மாறிவிடும். பதினாறாம் கிழமையில் பிள்ளையை இழந்தவள் அந்த அழைப்பை எடுக்கவே மாட்டாள், எடுக்கவும் மனம் வராது. பதில் கிடைக்காதவர்களைக் கணக்கிலிருந்து நீக்கினால் வெற்றி வீதம் ஏறும், பிரசவம் இல்லை என்று சேர்த்தால் இறங்கும். நேர்மையான பதிவேடு, எத்தனை பேரின் முடிவு தெரியாது என்பதையும் எழுதும். நீங்கள் நிரப்பும் எச் 512 என்ற கர்ப்பவதி அட்டையில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த அட்டையும் கொழும்புக் கோப்பும் ஒன்றையொன்று காண்பதேயில்லை. பிரித்தானியா போல ஒரு கட்டாயப் பதிவேடு எங்கட நாட்டுக்கும் வேண்டும் என்று நான் கேட்பது இதனால்தான்.

செட்டிகுளம் தம்பி: இரட்டைப்பிள்ளை எண்டால் இரண்டு வெற்றியோ?

இல்லை, ஒரு பிரசவம் என்றுதான் எண்ணவேண்டும்.

நெடுங்கேணி அக்கா: காணியை ஈடு வைச்சுத்தான் போகப்போறம். என்ன கேக்கலாம்?

காணி வைக்கமுதல் இதைக் கேளுங்கோ அக்கா: "என்ர வயதுக்காரர் எத்தனை பேர் தொடங்கினவை, எத்தனை பேர் உயிருள்ள பிள்ளை பெற்றவை, எத்தனை பேரின் முடிவு தெரியாது, எந்த ஆண்டுக் கணக்கு?" போன மாத வீதத்தைக் காட்டினால் அது கர்ப்பக் கணக்கு மட்டுமே, அந்தப் பிள்ளைகள் இன்னும் பிறக்கவில்லை. பதிலை எழுத்தில் வாங்குங்கோ. தர மறுத்தால் முற்பணம் கட்டாமல் எழும்பி வாங்கோ, இன்னொரு இடத்தில் கேட்கலாம். சிகிச்சை எப்படி முடிந்தாலும், முடிந்தால் ஒருக்கால் அவர்களுக்கு அறிவியுங்கோ. உங்களுக்குப் பிறகு போகிறவள் பார்க்கும் எண்ணில் நீங்களும் இருக்கவேண்டும்.