சுத்தியலா, வாளா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, ஹேடிஸ் கேமை முடிச்சுட்டேன், கை சும்மா இருக்க மாட்டேங்குது. அதை செஞ்ச அதே சூப்பர்ஜயன்ட் கம்பெனி ஆளுங்களோட பாஸ்டியன், ட்ரான்சிஸ்டர் ரெண்டும் ஆஃபர்ல கிடக்கு. கைல ஒண்ணுக்குதான் காசு. எதை வாங்கட்டும்? (காலேஜ் மாணவர், திருச்சி)

பதில்: ஹேடிஸ்லேருந்து நேரா வர்றியா, கண்ணை மூடிட்டு பாஸ்டியன் வாங்கு தம்பி. ஆனா நான் திரும்பத் திரும்ப எடுத்து ஆடுறது எதுன்னு கேட்டா ட்ரான்சிஸ்டர்தான். குழப்புறேன்ல, இரு சொல்றேன், ட்ரான்சிஸ்டர் ஏன்னு அடுத்த பதில்ல.

பாஸ்டியன் 2011-ல வந்தது. அமீர் ராவ், கேவின் சைமன்னு ரெண்டு பேர் ஈஏ-ங்கற பெரிய கேம் கம்பெனி வேலைய விட்டுட்டு சான் ஓசேல ஒரு வீட்டுல உக்காந்து ஆரம்பிச்சு, மொத்தமே ஏழு பேர் சேர்ந்து முடிச்ச கேம். உலகமே துண்டு துண்டா உடைஞ்சு கிடக்கு, ஒரு பையன் கட்டில்லேருந்து எந்திரிக்கிறான், கால வைக்க வைக்க கீழேருந்து தரை பறந்து வந்து காலுக்கு அடில ஒட்டுது. அதனால மேப் பாக்கற வேலையே இல்ல, தரை வர்ற பக்கம் நடந்தா போதும். பின்னாடி ஒரு பெரியவர் குரல் நீ பண்றதை எல்லாம் கதையா சொல்லிட்டே வரும், நீ சும்மா நின்னு பெட்டி பானைய உடைச்சுட்டு இருந்தா பையன் வெறி புடிச்சு அடிக்கிறான்னு அதையும் சொல்லும். முதல் தடவை அதைக் கேட்டப்ப நான் கன்ட்ரோலரைக் கீழ வச்சுட்டு சிரிச்சுட்டேன். சண்டை ஹேடிஸோட அண்ணன் மாதிரி: ரெண்டு ஆயுதம், ஒரு ஸ்பெஷல், உருள்றதுக்கு ஒரு பட்டன், ஒரு கேடயம். கேடயத்தை சரியான நொடில தூக்கினா எதிரி விட்டது அவனுக்கே திரும்பிப் போகும், அந்த டைமிங் பழகிட்டா அப்புறம் உன்னைப் புடிக்க முடியாது.

ஒரே குறை, ஆயுதம் பதினொண்ணு இருந்தாலும் உனக்குப் புடிச்ச ரெண்டையே கட்டிக்கிட்டு கடைசி வரைக்கும் போயிடலாம், கேம் உன்னைக் கேள்வியே கேக்காது. நான் சுத்தியலும் வில்லும் வச்சே முடிச்சேன், மத்ததெல்லாம் ரெண்டாவது ரவுண்டுலதான் தொட்டேன்.

கேள்வி: ட்ரான்சிஸ்டர் வாங்கி ஒரு மணி நேரத்துல மூடி வச்சுட்டேன் சார். ஓடி ஓடி அடிச்சா அடி வாங்குறேன், நிறுத்தி பிளான் பண்ணா அப்புறம் கொஞ்ச நேரம் எதுவும் வேலை செய்யல. என்ன கேம் இது? (வாசகி, கோவை)

பதில்: நீங்க மட்டும் இல்லைங்க, பாஸ்டியன் மாதிரியே இருக்கும்னு நெனச்சு 2014-ல வாங்கின நிறைய பேர் இதே இடத்துலதான் முட்டினாங்க, நானும்தான். அதை ஓடி அடிக்கற கேமா நெனைக்காதீங்க. டர்ன் பட்டனைத் தட்டினா எல்லாம் உறைஞ்சு நிக்கும், பாட்டு மங்கி, நீங்க ஆடற ரெட்-ங்கற பொண்ணு முனகுற சத்தம் மட்டும் மேல வரும், எங்க நடக்கணும் எதை எப்ப வீசணும்னு வரிசையா போட்டு விட்டா அத்தனையும் ஒரே மூச்சுல நடக்கும். அது முடிஞ்சதும் கொஞ்ச நேரம் நீங்க நிராயுதபாணி, அதைத்தான் எதுவும் வேலை செய்யலன்னு சொல்றீங்க. அந்த நேரத்துக்குதான் ஜான்ட்னு ஒரு ஃபங்ஷன் (இந்த கேம்ல சக்திக்கு அதுதான் பேரு), அது மட்டும் அப்பவும் ஓடும், குட்டியா ஒரு பாய்ச்சல் பாஞ்சு தப்பிச்சுக்கலாம். அதையே இன்னொரு ஃபங்ஷன் மேல அப்கிரேடா மாட்டினீங்கன்னா அதுவும் அந்த இடைவெளில வேலை செய்ய ஆரம்பிச்சுடும். இது தெரியாம நான் பாதி கேம் தூண் பின்னாடி ஒளிஞ்சே ஓட்டினேன்.

விஷயமே அங்கதான் இருக்கு. மொத்தம் பதினாறு ஃபங்ஷன், ஒவ்வொண்ணையும் நேரடியா அடிக்க வைக்கலாம், இன்னொண்ணுக்கு அப்கிரேடா மாட்டலாம், இல்ல சும்மா பின்னாடி பாஸிவா போட்டு வைக்கலாம். ஒவ்வொரு ஃபங்ஷனும் அந்த கிளவுட்பேங்க் ஊர்ல வாழ்ந்த ஒரு ஆள், மூணு விதமாவும் போட்டு ஆடினாத்தான் அந்த ஆளோட முழு கதை திறக்கும், அதாவது மாத்தி மாத்திப் போடுறதுக்கு கதையையே லஞ்சமா குடுக்குறான். இன்னும் கில்லாடித்தனம் என்னன்னா உங்க உயிர் தீர்ந்தா உடனே சாகறதில்ல, மாட்டி வச்சிருக்கற நாலுல ஒண்ணு பழுதாயிடும், அடுத்தடுத்த ஆக்சஸ் பாயின்ட்டுக்கு (ஃபங்ஷனை மாத்திப் போடற இடம்) போனாத்தான் திரும்பி வரும். எதை நம்பி இருந்தோமோ அது போச்சுன்னா வேற எதையாவது எடுத்துத்தானே ஆகணும்? என்னை மாதிரி ஒரே செட்டப்ல ஒட்டிக்கற சோம்பேறிக்கு அது நல்ல வைத்தியம். ஹெல்ப் போட்டா நாய் மாதிரி ஒண்ணு கூட வந்து கடிக்கும், ஸ்விட்ச் போட்டா எதிரியே கொஞ்ச நேரம் நம்ம பக்கம், இதெல்லாம் எனக்கு ஒண்ணு பழுதானதுக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. இன்னொரு மணி நேரம் குடுத்துப் பாருங்க. செத்த பிராசஸ் (எதிரிங்களுக்கு அதான் பேரு) விட்டுட்டுப் போற செல்லை உடனே பொறுக்கிடுங்க, விட்டா திரும்பி எந்திரிச்சு வரும்.

கேள்வி: ரெண்டுலயும் ஒரே ஆள்தான் பேசறாரா? (வாசகர், சேலம்)

பதில்: ஆமாங்க, லோகன் கன்னிங்ஹாம். ஆனா பாஸ்டியன்ல பெரியவரா உங்களைப் பத்தி வேற யாருக்கோ சொல்ற மாதிரி சொல்வாரு, ட்ரான்சிஸ்டர்ல வாளுக்குள்ள மாட்டின ஆளா உங்க கிட்டயே பேசுவாரு. ரெட் ஒரு பாடகி, குரலைப் பறிச்சுட்டாங்க, அவளால பதில் பேச முடியாது. ஊர்ல அங்கங்க இருக்கற டெர்மினல்ல கமென்ட் டைப் பண்ணித்தான் அவருக்கு பதில் சொல்வா, ஒரு வரி அடிப்பா, அழிப்பா, திரும்ப அடிப்பா. சண்டைல கிடைக்காத ஒண்ணு அந்த அழிக்கற இடத்துல கிடைச்சுது எனக்கு. பாட்டு ரெண்டுக்கும் டேரன் கோர்ப், பாஸ்டியன்ல வர்ற ஜியாங்கற பொண்ணோட பாட்டையும் ட்ரான்சிஸ்டர்ல ரெட் பாட்டையும் பாடினது ஆஷ்லி பாரெட். கேம் வாங்காட்டியும் பாட்டையாவது கேளுங்க.

கேள்வி: என் பையனுக்கு பதினொரு வயசு, கேட்டுட்டே இருக்கான். குடுக்கலாமா? (ஒரு அம்மா, மதுரை)

பதில்: பாஸ்டியன் தாராளமா குடுங்கம்மா, அமெரிக்க ரேட்டிங்ல பத்து வயசுக்கு மேலன்னு போட்டிருக்காங்க. ட்ரான்சிஸ்டருக்கு 'டீன்' ரேட்டிங், அதாவது பதிமூணு வயசுக்கு மேல, முடிவும் ரொம்ப கனமா இருக்கும், அவன் பெரியவனாகட்டும். அதுவரைக்கும் நீங்க ஆடுங்க.

கேள்வி: பழைய லேப்டாப்ல ஓடுமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: பாஸ்டியனுக்கு 2 ஜிபி ராம் போதும், ட்ரான்சிஸ்டருக்கு 4 ஜிபி. ஃபேன் சத்தத்துல பாட்டு கேக்காது, ஹெட்ஃபோன் போட்டுக்குங்க.