தினமும் இரண்டு அதிகாரம் வாசித்தும் மனதில் நிற்கவில்லையே?

கேள்வி: தினமும் இரண்டு அதிகாரம் வாசித்து முழு வேதாகமத்தையும் ஒருமுறை முடித்துவிட்டேன். ஆனால் நேற்று வாசித்தது இன்று நினைவில் இல்லை. மறுபடி தொடங்கினால் மூன்றாம் புத்தகமான லேவியராகமத்தில் நின்றுவிடுகிறேன். ஆழமாகப் புரிந்துகொள்ள என்ன வழி?

பதில்: அதிகாரக் கணக்கை முதலில் விடுங்கள். அதிகாரப் பிரிவுகள் 13-ஆம் நூற்றாண்டில் வந்தவை. புதிய ஏற்பாட்டின் இன்றைய வசன எண்கள் 1551-ல் ராபர்ட் எஸ்தியென் அச்சிட்ட பதிப்பில் சேர்ந்தவை. சில இடங்களில் பேச்சின் நடுவிலேயே வெட்டு விழுந்திருக்கிறது. தன்னைப் பின்பற்றச் சொல்லும் பவுலின் வார்த்தை 1 கொரிந்தியர் 11:1-ல் இருக்கிறது. விக்கிரகங்களுக்குப் படைத்ததைச் சாப்பிடலாமா என்று 8-ஆம் அதிகாரத்தில் தொடங்கிய விவாதத்துக்கு அதுதான் முடிவு. அன்றைய பங்கை 10-ஓடு மூடிவைத்தால், மறுநாள் அந்த வரி தலையும் காலும் இல்லாமல் நிற்கும்.

ஒரு சிறிய புத்தகத்தை எடுத்து ஒரே அமர்வில் வாசியுங்கள். பவுல் எழுதிய பிலிப்பியர் கடிதம் நல்ல தொடக்கம்: 4 அதிகாரம், 104 வசனம், வாய்விட்டு வாசித்தாலும் இருபது நிமிடத்துக்குள் முடியும். ஒரு வாரம் தினமும் அதையே முழுவதும் வாசியுங்கள். முதல் இரண்டு நாள் பேனா வேண்டாம். பிறகு ஆட்களையும் எழுதியவரின் நிலையையும் குறியுங்கள். பவுல் விலங்கோடு இருக்கிறார் என்பது 1:13-லேயே தெரிந்துவிடும். ‘ஆகையால்’ வரும் இடமெல்லாம் எதனால் என்று மேலே தேடுங்கள். பழைய மொழிபெயர்ப்பின் நீண்ட வாக்கியத்தில் எழுவாய் தொலைந்தால், அந்தப் பத்தியை மட்டும் புதிய மொழிபெயர்ப்பில் பாருங்கள். ஏழாம் நாள் புத்தகத்தை மூடிவிட்டு, கடிதம் சொல்வதை ஐந்தாறு வரியில் எழுதுங்கள். தடுமாறும் இடத்தைத்தான் மறுபடி வாசிக்க வேண்டும். விளக்கவுரை அதற்குப் பிறகு. முன்பே திறந்தால் உங்களுக்குக் கேள்வியே எழாது.

வாக்குத்தத்த அட்டைகளில் அடிக்கடி வரும் எரேமியா 29:11-ஐ, உங்களுக்கு நல்ல முடிவைத் தருவேன் என்று கர்த்தர் சொல்லும் வசனத்தை, இப்படி வாசித்துப் பாருங்கள். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதத்தின் நடுவரி. 28-ஆம் அதிகாரத்தில் பொய்த் தீர்க்கதரிசி அனனியா, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று ஆசைகாட்டியிருக்கிறான். எரேமியாவோ வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்யுங்கள் என்கிறார். 10-ஆம் வசனம் எழுபது வருஷம் என்கிறது. கடிதத்தைக் கேட்ட முதியவர்களுக்கு ஊர் திரும்பும் வாய்ப்பே இல்லை. அடுத்த மாதமே வேலை கிடைக்கும் என்பதற்கு இந்த வசனத்தைச் சாட்சிக்கு அழைப்பது அனனியாவின் பக்கம் சாய்வதாகும்!

லேவியராகமத்துக்கு ஒரு சாவி உண்டு. அதற்கு முந்தைய புத்தகமான யாத்திராகமம் 40:35-ல் கர்த்தருடைய மகிமை நிரம்பியதால் மோசே ஆராதனைக் கூடாரத்துக்குள் நுழைய முடியவில்லை. லேவியராகமம் 1:1-ல் கர்த்தர் கூடாரத்திலிருந்து அவரைக் கூப்பிடுகிறார். அடுத்த புத்தகமான எண்ணாகமம் 1:1-ல் பேச்சு கூடாரத்துக்குள் நடக்கிறது. இடையில் எது வழி திறந்தது என்று கேட்டுக்கொண்டே வாசியுங்கள். பாவநிவிர்த்தி நாளைச் சொல்லும் 16-ஆம் அதிகாரத்தில் நிதானியுங்கள். 13, 14-இல் உள்ள குஷ்டரோக விதிகளை முதல் தடவை மேலோட்டமாகக் கடக்கலாம். பலரும் நின்றுபோவது அங்கேதான்.