பண்டைய எகிப்தில் பூனைகளை ஏன் மம்மியாக்கினார்கள்?

பூனை மம்மி என்றால், செத்த பூனையை நேட்ரான் உப்பில் ஈரம் போக உலர்த்தி லினன் துணியால் இறுக்கிச் சுற்றிய உடல், அவ்வளவுதான். சில செல்லப் பூனைகளுக்கு ராஜமரியாதையே கிடைத்தது, இளவரசர் துத்மோஸ் தன் பூனைக்குச் சுண்ணாம்புக்கல்லில் சவப்பெட்டி செய்து வைத்தார். ஆனால் பிற்காலத்தில் லட்சக்கணக்கில் புதைத்தவை பாஸ்டெட் என்ற பூனைமுகத் தெய்வத்துக்கு நேர்த்திக்கடன். நாம் கோயில் வாசல் கடையில் கண்மலர் வாங்கி உண்டியலில் போடுகிற மாதிரி, பக்தர்கள் மம்மியைக் காசு கொடுத்து வாங்கி வைத்தார்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் பல குட்டிகளின் கழுத்து முறிக்கப்பட்டிருக்கிறது (இதற்கென்றே வளர்த்திருக்கிறார்கள், பாவம்), சில பொட்டலங்களுக்குள் இரண்டு மூன்று எலும்புதான், அப்பவே கலப்படமோ என்னவோ! 1890-இல் சுமார் 1,80,000 மம்மிகள் உரமாக அரைபட லிவர்பூலுக்குக் கப்பலேறின. அப்புறம், எகிப்தியர்கள் பூனையையே கடவுளாகக் கும்பிட்டார்கள் என்பது சரியில்லை, பாஸ்டெட்டுக்கு உகந்த பிராணி என்றுதான் அதை மதித்தார்கள்.