லண்டனில் உள்ள மில்லிசென்ட் ஃபாசெட் சிலை எதற்காக?

பிரிட்டனில் பெண்களின் வாக்குரிமைப் போராட்டத் தலைவர்களில் ஒருவரான ஃபாசெட்டுக்கும், அதற்காகப் போராடிய மற்றவர்களுக்கும் நினைவுச் சின்னம் இது. நாடாளுமன்றச் சதுக்கத்தில் அதுவரை இருந்த 11 சிலைகளும் ஆண்களுக்கே. கல்யாணத்தையே தாங்கி நடத்திய அத்தை ஆல்பத்தில் ஒரு படத்திலும் இல்லாதது போல! 2018-ல்தான் அந்தக் குறை தீர்ந்தது.

ஃபாசெட் கையில் விரித்த துணிப் பதாகை, 'துணிவு எங்கும் துணிவை அழைக்கிறது' என்ற பொருளில் அவருடைய வாசகம். எனக்குப் பிடித்தது பீடம்தான். பஞ்சாப் அரச வம்சத்தைச் சேர்ந்த சோஃபியா துலீப் சிங் உட்பட 59 பேரின் பெயரும் முகமும் அதில் உண்டு, போராட்டம் ஒருவருடையதல்லவே.

1918-லேயே எல்லாப் பெண்களுக்கும் வாக்கு கிடைத்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்போது கிடைத்தது 30 வயது நிறைந்து, சொத்துத் தகுதியும் இருந்தவர்களுக்கு மட்டுமே; ஆண்களைப் போல 21 வயதில் வாக்களிக்க 1928 வரை காத்திருந்தார்கள்.