சிறுவயதில் பட்ட அதிர்ச்சியால், வளர்ந்த பிறகு சிறுநீரை அடக்க முடியாமல் போகுமா?

போகலாம் என்பதே என் பதில். ஆனால் உங்களுக்கும் அதுதான் காரணம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

நான் பாலக்கோடு பக்கம் ஒரு கிராமத்தில் வளர்ந்தவள். கழிப்பறை, மாட்டுக் கொட்டகையைத் தாண்டி வீட்டுக்கு வெளியே இருந்தது. அப்பா குடித்துவிட்டு வரும் இரவுகளில் வாசலிலேயே கட்டில் போட்டுப் படுத்திருப்பார். அவரைக் கடந்து போனால் அடி விழும் என்பதால், எவ்வளவு முட்டினாலும் விடியும்வரை அடக்கிக்கொண்டு கிடப்பேன். அடக்க முடியாமல் பாயை நனைத்துவிட்டால் அதற்கும் அடிதான். இப்போது எனக்கு 43 வயது. தெருக்கதவின் இரும்புத் தாழ்ப்பாளை யாராவது இழுக்கும் சத்தம் கேட்டால், ஐந்து நிமிடத்துக்கு முன்புதான் போய்விட்டு வந்திருந்தாலும், அடிவயிற்றில் முட்டிக்கொண்டு வரும். கழிப்பறைக்குள் நுழைவதற்குள் நனைந்துவிட்ட நாட்களும் உண்டு.

சிறுநீர்ப்பை நிரம்பும்போது அதன் சுவரிலுள்ள நரம்புகள் தண்டுவடம் வழியாக மூளைத்தண்டுக்குச் செய்தி அனுப்புகின்றன. சிறுநீர் கழிப்பதைத் தொடங்கி வைக்கும் மையம் அங்கே இருக்கிறது; பாரிங்டன் என்பவர் 1925-இல் அதை விவரித்ததால் அவர் பெயராலேயே வழங்குகிறது. "இப்போது வேண்டாம், பொறு" என்று அதை அடக்கி வைப்பது முன்மூளை. அச்சத்தையும் பதற்றத்தையும் உடலெங்கும் கிளப்பிவிடும் நரம்பணுத் தொகுதி ஒன்று இந்த மையத்தை ஒட்டியே அமைந்திருக்கிறது. மன அழுத்தத்தில் வேலை செய்யும் சி.ஆர்.எஃப். என்ற வேதிப்பொருள் இரண்டுக்கும் தொடர்புடையது. 'பயத்தில் ஒன்றுக்குப் போய்விட்டான்' என்று நம் ஊரில் சொல்வது வெறும் கேலிப்பேச்சு அல்ல.

அமெரிக்காவின் பாஸ்டனில் 30 முதல் 79 வயது வரையுள்ள 5,506 பேரிடம் நடத்திய கணக்கெடுப்பை வைத்து 2007-இல் ஓர் ஆய்வு வெளியானது. வன்முறைக்கோ பாலியல் கொடுமைக்கோ உள்ளானவர்களிடம் அடிக்கடி போவது, அவசரமாக முட்டுவது, இரவில் எழுந்து போவது ஆகிய மூன்றும் கூடுதலாகக் காணப்பட்டன. ஒன்றாகக் காணப்படுவதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடாது என்பதையும் மறக்கக் கூடாது. என்னைப் பொறுத்தவரை அச்சத்தைவிட, வருடக்கணக்காக அடக்கிய பழக்கமே பெரிய கேடு செய்தது என்று நினைக்கிறேன். சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகள் தளரத் தெரியாமல் இறுகிவிட்டால் சிறுநீர் முழுவதும் வெளியேறாமல் தங்கிவிடும். கழிப்பறை அசுத்தமாக இருப்பதால் பள்ளியில் நாள் முழுக்க அடக்கிக்கொள்ளும் பிள்ளைகளுக்கும் இது நேரலாம்.

நான் முதலில் பார்த்த மருத்துவர், பேசி முடிக்கும் முன்பே "எல்லாம் மனசுதான்" என்று தூக்க மாத்திரை எழுதினார். தருமபுரியில் பிறகு பார்த்த பெண் மருத்துவர் சிறுநீரையும் சர்க்கரையையும் பரிசோதித்து, சிறுநீர் கழித்த பின் உள்ளே எவ்வளவு தங்குகிறது என்று ஸ்கேனும் எடுத்த பிறகுதான் என் சிறுவயதைப் பற்றிக் கேட்டார். அதுவே சரியான வரிசை. கிருமித்தொற்று, சர்க்கரை நோய், கல், பிரசவத்துக்குப் பின் தசை தளர்வது, ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கம், ஏன், நாள்பட்ட மலச்சிக்கல்கூட இதே தொல்லையைத் தரும். ஃபுளோரைடு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரை ஆண்டுக்கணக்கில் குடித்த நம் தருமபுரி மாவட்டத்துக்காரர்கள் ஒன்றைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்: ஃபுளோரைடு எலும்பில் படிந்து வரும் எலும்பு ஃபுளோரோசிஸ் நோய் முற்றித் தண்டுவடத்தை அழுத்தினால், கால்கள் மரத்துப்போவதோடு சிறுநீர்க் கட்டுப்பாடும் போகக்கூடும். கால் மரத்துப்போனாலோ, சிறுநீரில் ரத்தம் வந்தாலோ, திடீரென்று சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

எனக்குப் பரிசோதனைகளில் ஒன்றும் அகப்படவில்லை. எத்தனை மணிக்கு எவ்வளவு தண்ணீர் குடித்தேன், எப்போது போனேன், எப்போது கசிந்தது என்று மூன்று நாள் ஒரு நோட்டில் எழுதிக் காட்டினேன். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை போய்க்கொண்டிருந்தவளை, அந்த இடைவெளியை வாரத்துக்குக் கால்மணி நேரம் கூட்டித் தள்ளிப்போடச் சொன்னார்கள். தசையை இறுக்கும் பயிற்சிக்கு முன்பு தளர்த்தக் கற்றுக்கொடுத்தார் இயன்முறை மருத்துவர். இறுகிய தசையை மேலும் இறுக்கினால் தொல்லை கூடும் என்பது அவர் சொல்லித்தான் தெரிந்தது. மனநல ஆலோசகரிடம் எட்டு மாதம் போனேன், அப்பாவைப் பற்றிப் பேசவே நான்கு வாரமாயிற்று. இப்போது தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் பேருந்தில் இறங்காமல் போய்விடுகிறேன். தாழ்ப்பாள் சத்தத்துக்கு மட்டும் இன்னும் முட்டுகிறது. நின்ற இடத்திலேயே நின்று பத்து முறை மூச்சு விட்டால் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது.