குழல் சுத்தலன்னா ரிப்பேர் இல்ல

நீங்க பெப்பர்பாக்ஸ்னு (பல குழல் உள்ள பழைய கைத்துப்பாக்கி) நினைச்சுக் கேட்ட துப்பாக்கி பெப்பர்பாக்ஸே இல்லங்க, லங்காஸ்டர்ங்கிற லண்டன் துப்பாக்கிக் கம்பெனி வகை பிஸ்டல். நாலு குழல் இருக்கு, டிரிகர் இழுத்தா சுத்தலயேன்னு கேட்டிருக்கீங்க, பெப்பர்பாக்ஸ்லதான் குழல் கொத்தே சுத்தும், இதுல குழல் அசையாது, உள்ள இருக்கிற ஸ்ட்ரைக்கர் (அடிக்கிற ஊசி)தான் ஒவ்வொரு இழுப்புக்கும் திரும்பி அடுத்த தோட்டாவ அடிக்கும். டிரிகர் கல்லு மாதிரி இருக்கிறதும் அதனாலதான்.

மடக்கித் திறந்து, காலியான்னு முதல்ல பாத்துட்டு, வெளிச்சத்துல குழலுக்குள்ள பாருங்க. தோட்டாவச் சுழல வைக்கிற வரிப்பள்ளமே இல்லாம வழவழன்னு, ஆனா நீள்வட்டமா லேசா முறுக்கிட்டுப் போகுதா? அதான் லங்காஸ்டர் ஓவல் போர்.

1880கள்ல சூடான் போன பிரிட்டிஷ் ஆபீசருங்க சிலர் சொந்தக் காசுல வாங்குனது இது. ரிவால்வர்ல சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவுல வெடிமருந்து கேஸ் கசியும், இதுல அந்த இடைவெளியே கிடையாது.

ஒண்ணு, பர்மிங்காம்லயும் இதே மாதிரி நாலு குழல் செஞ்சாங்க, அதனால குழல் மேல செஞ்சவங்க பேர் பாக்காம விலை பேசிடாதீங்க.