குப்பை அஞ்சலைப் பிரிக்கும் ஸ்பாம்அசாசினை எவ்வளவு பழக்கினாலும் பேய்ஸ் மதிப்பெண் (பழகிய அஞ்சல்களை வைத்துக் கணித்துத் தரும் மதிப்பெண்) வரவில்லையே, ஏன்?
அதைப் பழக்கும் எஸ்ஏ-லேர்ன் கட்டளையைக் கொண்டு நூற்றுக்கணக்கான குப்பை அஞ்சல்களைக் காட்டியும் அஞ்சலின் தலைப்பிலுள்ள எக்ஸ்-ஸ்பாம்-ஸ்டேட்டஸ் வரியில் பேய்ஸ்_99 மாதிரி எதுவுமே வரவில்லை என்றால், முதலில் எந்தக் கணக்கிலிருந்து பழக்கினீர்கள் என்று பாருங்கள். ரூட்டாக (நிர்வாகிக் கணக்கில்) ஓட்டியிருந்தால் கற்றதெல்லாம் ரூட்டின் ஹோம் ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். சர்வரில் ஸ்பாம்அசாசினைக் கொண்டு அஞ்சலைச் சோதிக்கும் அமாவிஸ் வேறு கணக்கில் ஓடுவதால் அதைத் திறந்துகூடப் பார்க்காது. பெரும்பாலும் சிக்கல் இதுதான்.

சரி, அமாவிஸின் கணக்கிலேயே எஸ்ஏ-லேர்ன் --டம்ப் மேஜிக் ஓட்டுங்கள், என்ஸ்பாம் (பழகிய குப்பை அஞ்சல்கள்), என்ஹேம் (பழகிய நல்ல அஞ்சல்கள்) என்று இரண்டு எண்கள் தெரியும், இரண்டுமே குறைந்தது 200 இருக்க வேண்டும், நல்ல அஞ்சலைப் பழக்காமல் விட்டால் பேய்ஸ் வாயே திறக்காது. அப்புறம் ஸ்பாம்அசாசினின் அமைப்புக் கோப்பான லோக்கல்.சிஎஃப்பில் கைவைத்திருந்தால் ஸ்பாம்அசாசின் --லிண்ட் ஓட்டிப் பிழை இல்லையென்று பார்த்துவிட்டு அமாவிஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அவசரப்பட்டு குப்பை என்று ஒதுக்கும் மதிப்பெண் வரம்பை மட்டும் இறக்கிவிடாதீர்கள், நல்ல அஞ்சலும் மாட்டிக்கொள்ளும்.